கணக்குக் கேட்கும் ஊர்

நுழையும்முன்

நாம் நடக்கும் தெரு, குடிக்கும் நீர், இரவில் எரியும் தெருவிளக்கு ஆகியன பொதுப்பணத்தில் அமைந்தவை. அப்பணத்தைச் செலவிடும் பொறுப்பை நாம் தேர்ந்தெடுத்த சிலரிடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைத்தவர் கணக்குக் கேட்பதும், பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டுவதும் உள்ளாட்சியின் உயிர்நாடியாகும். இம்முறை நம் மண்ணில் எவ்வாறு வேரூன்றியது, இன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத தடிமன்

ஓர் ஊரில் 200 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் தடிமனும் உடைய சிமெண்டுச் சாலை அமைக்க மதிப்பீடு தயாராகிறது எனக் கொள்வோம். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கினால் 90 கனமீட்டர் கான்கிரீட் தேவை என்பது விளங்கும். வேலை முடிகிறது, பணமும் வழங்கப்படுகிறது. சாலையின் நீளத்தை ஊரார் நடந்தே அளக்கலாம். அகலத்தைக் கயிறு கொண்டு அளக்கலாம். தடிமனை அறிவது எவ்வாறு? அது மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது.

15 சென்டிமீட்டருக்குப் பதிலாக 10 சென்டிமீட்டர் தடிமனில் அச்சாலை போடப்பட்டிருந்தால், உண்மையில் இடப்பட்ட கான்கிரீட் 60 கனமீட்டர் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு காணாமற்போயிருக்கும். ஆயினும் சாலை புதிதாகப் பளபளக்கும். திறப்பு விழாவில் எவருக்கும் ஐயம் எழாது. சில மழைக்காலங்கள் கழிந்து சாலை வெடிக்கும்போதுதான் இழப்பு வெளிப்படும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். பொறுப்பில் இருந்தோரும் மாறியிருக்கக்கூடும்.

இந்த மறைந்த தடிமனைக் காட்டுவதற்கென்றே சில ஆவணங்கள் உள்ளன. வேலை தொடங்குமுன் எழுதப்படுவது மதிப்பீடு. வேலையை யார், எவ்விலைக்குச் செய்வார் என்பதைக் காட்டுவன ஒப்பந்தப்புள்ளியும் பணி ஆணையும். செய்து முடித்த வேலையைப் பொறியாளர் அளந்து பதிவது அளவுப் புத்தகம். அவ்வளவின்படி பட்டியல் தயாராகிறது. பணம் வழங்கியதற்குச் செலவுச்சீட்டு சான்றாகிறது. இறுதியாக ரொக்கப் புத்தகத்தில் அத்தொகை ஏறுகிறது. இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, இவையனைத்தும் தெருவில் உள்ள சாலையோடு பொருந்துகின்றனவா என்னும் இரு வினாக்களே நிதிப் பொறுப்புடைமையின் அடிப்படை.

இரு சொற்கள், இரு கடமைகள்

பொது நிதியைப் பற்றிப் பேசும்போது ‘வெளிப்படைத்தன்மை’, ‘பொறுப்புடைமை’ என்னும் இரு சொற்கள் இணைந்தே வருகின்றன. இவை ஒருபொருட் சொற்கள் என எண்ணிவிடலாகாது. பொதுப்பணம் பற்றிய செய்திகளை மக்கள் அறியும் வண்ணம் திறந்துவைப்பது வெளிப்படைத்தன்மை. அச்செய்திகளிலிருந்து எழும் வினாவுக்கு உரியவர் விடையளிப்பதும், தவறு காணப்பட்டால் அதன் விளைவை ஏற்பதும் பொறுப்புடைமை.

ஓர் அலுவலகச் சுவரில் வரவு செலவுப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ‘இதர செலவு’ என ஒரு பெருந்தொகை காணப்படுகிறது. பட்டியல் இருப்பதால் அங்கே ஓரளவு வெளிப்படைத்தன்மை உண்டு. ‘இதர செலவு என்பது எது?’ என்று கேட்பவருக்கு விடை சொல்ல எவரும் இல்லையெனில் அங்கே பொறுப்புடைமை இல்லை. மற்றோர் இடத்தில் தணிக்கையாளர் கணக்கை நுணுகி ஆராய்ந்து குறைகளை எழுதுகிறார். அந்த அறிக்கை அலமாரியில் உறங்குகிறது. அங்கே விசாரணை நடந்தும் ஊராருக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டும் கூடிய இடத்தில்தான் பொதுப்பணம் காக்கப்படும்.

பொருள் வரும் வழிகளை உருவாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பகிர்தல் என அரசின் நிதிக் கடமைகளைத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வரிசைப்படுத்துகிறது. இறுதியில் நிற்கும் பகிர்தலே மக்களின் கண்ணுக்கு நேரே நிகழ்வது. அது முறையாக நிகழ்ந்ததா என்பதை அறியக் கணக்கு வேண்டும்.

கல்லில் வெட்டிய விதி

கணக்குக் காட்டாதவர் பொதுப்பொறுப்புக்கு வரலாகாது என்னும் விதியைத் தமிழ்நாடு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்ட அவ்வூரில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். குடவோலை முறை எனப்படும் இதனை நாம் முன்பே கற்றிருக்கிறோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்கள் அங்கே இயங்கின.

தேர்ந்தெடுக்கும் முறையினும் தகுதியின்மை பற்றிய விதிகளே இங்கு நம் கவனத்துக்கு உரியவை. முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பலருடைய பெயர்களையும் இடலாகாது. கணக்குக் காட்டாமை ஒருவரின் தனிக்குறையாகக் கருதப்படாமல், குடும்பத்தின் பொதுவாழ்வையே மூடும் குற்றமாகக் கருதப்பட்டது. தாம் விலகிக்கொண்டு உறவினரை முன்னிறுத்தும் வழியையும் அவ்விதி அடைத்தது.

கணக்கு எழுதுவோருக்கும் தனி விதி இருந்தது. நேர்வழியில் பொருள் ஈட்டியவரே ஊர்க்கணக்கு எழுத வேண்டும். தம் காலத்துக் கணக்கைச் சபையின் பெரியோரிடம் ஒப்படைத்து, நேர்மையாளர் என ஏற்கப்பட்ட பின்னரே ஒருவர் மீண்டும் அப்பணிக்கு வரலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே நேரில் ஒப்படைக்க வேண்டும். வேறொரு கணக்கரைக் கொண்டு அதனை முடித்துவைக்கக் கூடாது. பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றித் தப்பும் வழியை அன்றே அறிந்து தடுத்த நுட்பம் வியப்புக்குரியது.

அந்தச் சபையின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே அதில் இடம்பெற முடிந்தது. பெண்களுக்கும், நிலமற்றோருக்கும், உழைக்கும் மக்களுக்கும் அங்கே இடமில்லை. சிலர் சிலரிடம் கேட்ட கணக்கு அது. அக்கணக்கை அனைவரும் கேட்கலாம் என்னும் நிலையை அடைய நெடுங்காலம் ஆயிற்று.

ஊராட்சியின் வரவும் செலவும்

இந்திய அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளே இன்று தேசிய ஊராட்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. உள்ளாட்சிகளின் நிதிநிலையை ஆராய ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என்பதையும், ஊராட்சிக் கணக்குகளைப் பேணுவதற்கும் தணிக்கை செய்வதற்கும் மாநிலங்கள் வகை செய்யலாம் என்பதையும் அரசமைப்பு உரைக்கிறது.

ஒரு கிராம ஊராட்சிக்கு வரும் பணத்தை இரு வகையாகப் பிரிக்கலாம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் போன்றவை ஊராட்சி தானே ஈட்டும் வருவாய். மாநில நிதி ஆணைய மானியம், மத்திய நிதி ஆணைய மானியம், திட்ட நிதி ஆகியவை மேலிருந்து வருபவை. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு மட்டும் 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அம்மானியத்தைப் பெற ஒரு நிபந்தனையையும் விதித்தது. முந்தைய ஆண்டின் தணிக்கைக்கு முந்திய கணக்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கையான கணக்கையும் எவரும் காணும்படி இணையத்தில் வெளியிட வேண்டும் என்பதே அது. கணக்கைத் திறந்துவைக்காத ஊருக்குப் பணம் இல்லை என்னும் இவ்விதியில் உத்திரமேரூர்க் கல்வெட்டின் உள்ளக்கிடக்கையைக் காணலாம்.

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் பணம் எடுக்க ஊராட்சித் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து ஒப்பமிட வேண்டும். ஒருவர் விருப்பத்தால் மட்டும் பொதுப்பணம் வெளியேறிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஒருவர் ஒப்பமிடுமுன் மற்றவர் வினவுவார் என்னும் நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு இது. இருவருள் ஒருவர் வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டால் அந்தப் பூட்டுக்குத் திறவுகோல் ஒருவர் கைக்கே போய்விடும்.

கிராம சபை என்னும் மன்றம்

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் சார்பில் பிறர் பேசுகின்றனர். கிராம சபையில் நாமே பேசலாம். தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடைபெற்றுவந்த கிராம சபை, 2022ஆம் ஆண்டு முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. நகரங்களில் வாழ்வோருக்கு இதனையொத்த மன்றமாகப் பகுதி சபை அமைந்துள்ளது.

ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தல், தணிக்கை அறிக்கையை ஏற்றல், திட்டங்களின் முன்னேற்றத்தை ஆராய்தல், பயனாளிகள் பட்டியலைப் பரிசீலித்தல் ஆகியவை கிராம சபையின் பணிகள். வரவு செலவுக் கணக்கைக் கூட்டத்தில் படித்துக் காட்டுவதோடு, ஊரார் பார்வைக்குப் பதாகையில் எழுதிவைக்கும் வழக்கமும் உண்டு.

விதி இவ்வாறு இருக்க, நடைமுறை எப்போதும் இவ்வாறு அமைவதில்லை. கணக்கு விரைவாகப் படிக்கப்படுகிறது. கேட்போருக்கு எண்கள் மட்டும் காதில் விழுகின்றன. வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டதும் பலர் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். எஞ்சியோர் ஒப்புதலுக்குக் கைதட்டுகின்றனர். தீர்மானப் புத்தகத்தில் ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என எழுதப்படுகிறது. எவரும் சட்டத்தை மீறவில்லை. ஆயினும் எவரும் கணக்குக் கேட்கவில்லை. அந்த ஊரில் சாலையின் தடிமன் மறைந்தே கிடக்கும்.

வினா எழுப்பத் துணிவு மட்டும் போதாது. ஆவணமும் கையில் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்விலிருந்தே உணர்ந்து நாட்டுக்கு உணர்த்தியவர்கள் இராஜஸ்தான் மாநிலத்துச் சிற்றூர் மக்கள்.

‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’

இராஜஸ்தானின் வறண்ட நிலப்பகுதியில், வறட்சிக்கால நிவாரணப் பணிகளில் மக்கள் மண் சுமந்தனர், சாலை அமைத்தனர், குளம் வெட்டினர். வேலை முடிந்ததும் அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை. காரணம் வினவியபோது, பதிவேட்டில் அவர்கள் குறைவாகவே வேலை செய்ததாக எழுதப்பட்டுள்ளது என்றனர். அந்தப் பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டபோது, அரசின் ஆவணம் இரகசியமானது என்னும் விடையே கிடைத்தது. தம் உழைப்பைப் பற்றிய ஏட்டைத் தாமே காண முடியாத நிலை அது.

சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து சிற்றூரில் குடியேறிய அருணா ராய் முதலியோர் அம்மக்களுடன் இணைந்து 1990ஆம் ஆண்டு மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர், உழவர் அமைப்பை உருவாக்கினர். அவ்வமைப்பு 1994ஆம் ஆண்டு டிசம்பரில் பொது விசாரணை என்னும் புதிய முறையைத் தொடங்கியது. எவ்வாறோ பெற்ற பதிவேடுகளின் படிகளை ஊர்நடுவே பந்தலில் உரக்கப் படித்தனர். கூலி பெற்றதாகக் குறிக்கப்பட்டவர் எழுந்து, ‘நான் அந்த வேலைக்குச் செல்லவே இல்லை’ என்றார். இறந்துபோனவர்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. முடிந்ததாகக் கணக்கில் காட்டப்பட்ட கட்டுமானங்கள் தரையில் இல்லை. எழுத்தறியாத மக்களே அங்குத் தணிக்கையாளர் ஆயினர். ஏட்டில் உள்ளது மெய்யா பொய்யா என்பதை அறிய அவர்களுக்குத் தம் வாழ்வே சான்றாக இருந்தது.

‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்களின் முழக்கம். 1996ஆம் ஆண்டு ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள்கள் அவர்கள் அறவழியில் அமர்ந்து, ஆவணங்களின் படிகளைப் பெறும் உரிமையைக் கேட்டனர். கூலிக்காகத் தொடங்கிய வினா, அறியும் உரிமைக்கான இயக்கமாக நாடெங்கும் பரவியது. 1997ஆம் ஆண்டு தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முன்னோடி மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், பணிகளைக் கிராம சபையே ஆராயும் சமூகத் தணிக்கையைத் தன் 17ஆம் பிரிவில் சட்டமாக்கியது. பந்தலில் பிறந்த பொது விசாரணை, சட்டத்தின் விதியாக உயர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் பெற்ற 30 நாள்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடையளிக்க வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது விடுதலை தொடர்பான தகவலெனில் 48 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும். தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்வோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. விடை கிடைக்காவிடினும், கிடைத்த விடை நிறைவளிக்காவிடினும் மேல்முறையீடு செய்யலாம்.

ஆவணமும் மாதிரியும்

தகவல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை தாள்களே. இச்சட்டமோ அதனினும் விரிந்த உரிமையைத் தருகிறது. ஆவணங்களைப் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், சான்றிட்ட படிகளைப் பெறலாம். இவற்றோடு, நடைபெறும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை உண்டு. நம் எடுத்துக்காட்டில் வந்த சாலையின் மறைந்த தடிமனை இனி எவரும் அறிய இயலாது எனச் சொல்ல முடியாது. மதிப்பீட்டின் படியையும் அளவுப் புத்தகத்தின் படியையும் அருகருகே வைத்து, சாலையையும் நேரில் கண்டால் உண்மை விளங்கும்.

கேட்கும்முன்னரே வெளியிடுதல் என்பதும் இச்சட்டத்தின் நெறி. ஒவ்வோர் அலுவலகமும் தன் பணிகள், நிதி ஒதுக்கீடு, செலவு, பயனாளிகள் விவரம் ஆகியவற்றைத் தானே முன்வந்து வெளியிட வேண்டும் என நான்காம் பிரிவு கூறுகிறது. பணித்தளத்தில் நாட்டப்படும் பெயர்ப்பலகை இதன் எளிய வடிவம். பணியின் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதிய அந்தப் பலகையைப் படித்துவிட்டுக் கடக்கும் குடிமகன் ஒருவன், தணிக்கையின் முதல் படியில் கால்வைத்தவன் ஆகிறான்.

நேர்மையாளருக்கும் காப்பு

கணக்குக் கேட்பது, பொறுப்பில் உள்ளவரை ஐயுறுவது ஆகாதா எனச் சிலர் வினவுவர். வங்கியில் பணம் எண்ணித் தரும் காசாளரின் முன்னிலையிலேயே நாம் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். அதனால் காசாளர் மனம் வருந்துவதில்லை. பின்னர் எழக்கூடிய பழியிலிருந்து அது அவரைக் காக்கிறது. உள்ளாட்சியிலும் அவ்வாறே. கணக்கு மறைந்திருக்கும் ஊரில் நேர்மையான தலைவரும் வதந்திக்கு இரையாவார். ‘இவ்வளவு பணம் வந்ததாமே, எங்கே போயிற்று?’ என்னும் திண்ணைப் பேச்சுக்கு விடையளிக்க அவரிடம் சொல் மட்டுமே இருக்கும். கணக்கைத் திறந்துவைத்தவரிடமோ சான்று இருக்கும். குறிப்பாக, முதன்முறையாகப் பொறுப்புக்கு வரும் பெண்களும் ஒடுக்கப்பட்ட பிரிவினரும் தம்மீது வீசப்படும் பழியைத் திறந்த கணக்கைக் கொண்டே வெல்ல இயலும்.

வெளிப்படையான கணக்கு வரி செலுத்தும் மனப்பான்மையையும் வளர்க்கும். தாம் கட்டிய வீட்டு வரி எந்தக் குழாயாக, எந்த விளக்காக மாறியது என அறிந்தவர் அடுத்த ஆண்டு வரி செலுத்தத் தயங்க மாட்டார்.

எஞ்சி நிற்கும் கடமை

இன்று ஊராட்சிகளின் திட்டங்களும் செலவுகளும் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. இது பெரும் முன்னேற்றம். எனினும் தலைப்புகள் சுருக்கெழுத்துகளாகவும், விவரங்கள் ஆங்கிலத்திலும் இருக்குமாயின் அவை மூத்தோருக்கும் உழைக்கும் மக்களுக்கும் எட்டுவதில்லை. படித்த இளைஞர் ஒருவர் அதனைத் தரவிறக்கித் தமிழில் எழுதிக் கிராம சபையில் படித்துக் காட்டினால் அக்கணக்கு ஊராரின் உடைமையாகும். கல்வி கற்ற தலைமுறை தன் ஊருக்குச் செய்யத்தக்க தொண்டு இது.

வினவுவதற்கும் ஒரு முறைமை உண்டு. ஆளைக் குறித்துக் குற்றஞ்சாட்டாமல் பணியைக் குறித்துக் கேட்க வேண்டும். எந்த ஆண்டு, எந்தப் பணி, எவ்வளவு தொகை என வரையறுத்துக் கேட்க வேண்டும். கேட்ட வினாவும் பெற்ற விடையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை உறுதிசெய்ய வேண்டும். ஏட்டில் ஏறாத வினா அடுத்த கூட்டத்துக்குள் மறக்கப்படும்.

பதினெட்டு வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேரும் நாளில் ஊரில் வாழும் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆகின்றனர். உத்திரமேரூரில் சிலருக்கு மட்டுமே இருந்த உரிமையும், இராஜஸ்தானில் கூலி இழந்தோர் போராடிப் பெற்ற உரிமையும் அன்று நம் கைக்கு வந்து சேர்கின்றன. அடுத்த கிராம சபையில் சாலையின் கணக்கு படிக்கப்படும்போது, ‘தடிமன் எவ்வளவு?’ என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். அந்த ஊரில் போடப்படும் அடுத்த சாலை மதிப்பீட்டின்படியே அமையும் வாய்ப்பு மிகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் அண்மையில் முடிந்த ஒரு பொதுப்பணியின் பெயர்ப்பலகையைப் படித்து, அதில் உள்ள விவரங்களையும் இல்லாத விவரங்களையும் பட்டியலிடுக.

2. பெற்றோருடன் கிராம சபை அல்லது பகுதி சபைக் கூட்டத்திற்குச் சென்று, அங்கு எழுப்பப்பட்ட நிதி தொடர்பான வினாக்களைத் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் கணக்கு விதிகளையும் இன்றைய ஊராட்சியின் கணக்கு விதிகளையும் ஒப்பிட்டு ஒருபக்க அளவில் கட்டுரை எழுதுக.